கடுகளவுக் குளவி

அந்தப் பங்குனியில் ஈத்தாமொழித் தென்னந்தோப்புகளைப் பார்த்தவர்கள், யாரோ தீ வைத்து அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். தீயாக இருந்திருந்தால் தேவலை, நாலு குடம் வெள்ளம் கோரி ஊற்றியிருக்கலாம். இது புழு. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், தலை மட்டும் கறுப்பு. ஓலையின் அடிப்பக்கத்தில் தன் எச்சத்தையும் நூலையும் சேர்த்து ஒரு சின்னச் சுரங்கம் கட்டி, அதற்குள் படுத்துக்கொண்டு பச்சையை மட்டும் சுரண்டித் தின்னும். கீழே நிற்கிறவன் கண்ணுக்கு அது தட்டுப்படும்போது ஓலை காய்ந்து சருகாகியிருக்கும். சவத்து எழவு, தின்றதோடு தொலையவும் செய்யாது. அதே ஓலையில் கூடு கட்டித் தூங்கி, சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சியாகப் பறந்துபோய் அடுத்த மரத்தில் முட்டை போடும்.

ஊரில் எல்லாரும் செய்தது ஒன்றுதான். புழு விழுந்த அடியோலைகளை வெட்டி இறக்கிக் கொளுத்தினார்கள். ரசலையன் மட்டும் வெட்டவில்லை. வெட்டாததற்குக் காரணம் இருந்தது. அவனுடைய மரங்கள் எல்லாம் இளசு. அந்த வருஷம்தான் முதல் பாளை தள்ளியிருந்தது. முந்தின கோடையில் மேலத்தெருவில் ஒரு இளந்தோப்பைக் குருத்து மட்டும் விட்டு மொட்டையடித்தார்கள், மழை வருவதற்குள் பாதி மரம் மண்டை சாய்ந்துவிட்டது. அதை ரசலையனும் பார்த்தான், அவன் பெண்டாட்டி நேசபாயும் பார்த்தாள்.

நேசபாய்க்கு அந்த மரங்கள் வேறு கணக்கு. கல்யாணமாகி வந்த வருஷம் வைத்த பிள்ளைகள். சொரிமணல், ஊற்றுகிற வெள்ளம் நிற்கவே நிற்காது. ஒவ்வொரு கோடையிலும் கிணற்றிலிருந்து இடுப்பில் குடம் சுமந்து அவள்தான் ஊற்றினாள். கயிறு திரித்துக் காய்த்துப்போன கையோடு, இந்த மரங்கள் காய்க்கத் தொடங்கினால் பிறர் வீட்டில் தேங்காய்த் தொண்டு அடித்து நார் எடுக்கப் போக வேண்டாம் என்று ஆறேழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது காய்க்கிற நேரத்தில் புழு வந்தது.

அடுத்த தோப்பு ரசலையனின் அண்ணன் ஜெபசீலனுடையது. இடையில் ஒரு தாழைவேலி. அவருடையது முதிர்ந்த மரங்கள், அடியோலை போனாலும் தாங்கும். இரண்டு தரம் வெட்டிக் கொளுத்தினார், இரண்டு தரமும் புழு திரும்ப வந்தது. வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோவில் வளாகத்தில் தோப்புக்காரர்கள் ரசலையனைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அவன் நாகர்கோவிலில் வேளாண்மை இலாகா ஆள் ஒருவர் சொன்னதைச் சொன்னான். கடுகளவில் ஒரு குளவி இருக்கிறதாம், அது மனிதரைக் கொட்டாதாம், புழுவின் கூட்டைத் தேடிப்போய்க் குத்தி உள்ளே முட்டை வைக்குமாம், பிறகு பூச்சி வராதாம், குளவிதான் வருமாம். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஜெபசீலன் சிரிக்கவில்லை.

"ஏலே, புழுவக் கொல்லக் கொசுவக் கொண்டு வாறேங்குத. கொண்டு வா. புதனாழ்ச்ச உச்சைக்குள்ள எங்க கண்ணு முன்னால மரத்துல கெட்டு. கெட்டினா ஈஸ்டர் வரைக்கும் நாங்க பொறுத்துக்கிடுதோம். இல்லேண்ணா நாங்களே ஆள விட்டு ஏறி வெட்டுவோம். பொறவு அண்ணன் தம்பிண்ணு ஒண்ணும் பேசப்பிடாது."

புழு அதற்குள் ரசலையன் மரங்களின் மேலோலை வரைக்கும் ஏறிவிட்டது. வெட்டுவது என்றால் குருத்து மட்டும்தான் மிஞ்சும். இது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை ரசலையன் நடந்தே நாகர்கோவில் போய், வாயில் பஞ்சு அடைத்த கண்ணாடிக் குழாய்களை ஒரு அட்டைப்பெட்டியில் வாங்கி வந்தான். அந்தியில் வீடு சேர்ந்தபோது பல் கிட்டிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். பெட்டியை நேசபாய் கையில் கொடுத்துவிட்டுப் பாயில் சுருண்டான்.

"வெதையப் போலப் பாத்துக்க. எறும்பு கேறப்பிடாது. நாளைக்கு அந்திக்குக் கெட்டணும்" என்று சொன்னான். மிச்சத்தைக் காய்ச்சல் தின்றுவிட்டது.

அவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். குழாய்க்குள் காய்ந்த கூடுகள் சில, தேன் தடவிய ஒரு தாள் துண்டு, அதன்மேல் ஊர்ந்துகொண்டிருந்த பொடிகள். சிறகு இருப்பதே வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரிந்தது. இதையா நம்பி இந்த மனுசன் ஊரோடு பகைக்கிறார் என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. ஆனாலும் விதையைப் போல என்று சொல்லியிருக்கிறார். நம் பக்கத்தில் விதையை எங்கே வைப்பார்கள்? வெள்ளரி விதை, பாகல் விதை, அடுத்த பூவில் விதைக்க எடுத்துவைத்த பயறு எல்லாம் அடுப்புக்கு மேலே பரணில்தான். புகை படுகிற இடத்தில் வண்டு விழாது, எறும்பு அண்டாது, ஈரம் ஏறாது. அவள் பெட்டியைத் துணியில் சுற்றிப் பரணில், விதைச்சுரைக்காய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் முழுக்க அடுப்பு எரிந்தது. புருஷனுக்குக் கஞ்சித்தெளிவு, கஷாயம், தனக்கு ஒரு துண்டுக் கப்பைக்கிழங்கும் சுட்ட சாளை மீனும். ஈரத்தொண்டு என்பதால் புகை அடுக்களையை அடைத்தது. அந்திக்குக் குழாய் கட்ட ரசலையனால் எழுந்திருக்க முடியவில்லை. விடியட்டும், மரமேற யோவானை வரச்சொல்லுவோம் என்று முனகினான். நேசபாய் அண்ணாந்து பரணைப் பார்த்துக்கொண்டாள். பத்திரமாகத்தான் இருந்தது.

புதன் விடியக்காலம் அவள் பெட்டியை இறக்கினாள். துணியே சூடாக இருந்தது. ஒரு குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். தேன்தாள் சுருண்டிருந்தது, அடியில் மிளகுப்பொடி மாதிரிக் கொஞ்சம் கிடந்தது. தட்டினாள், பொடி சரிந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. எல்லாக் குழாயையும் ஒன்றுவிடாமல் தட்டிப் பார்த்தாள். என் கர்த்தரே, நானே கொன்றுபோட்டேனே என்று நெஞ்சில் கைவைத்து அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அழுவதற்கு நேரம் இல்லை. புருஷனிடம் சொன்னால் காய்ச்சலோடு எழுந்து நடப்பான், பாதி வழியில் விழுவான். பெட்டியைப் பழைய இடத்திலேயே தூக்கி வைத்தாள். ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கி வருகிறேன், யோவானை உச்சைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். ரசலையன் கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

நாகர்கோவிலில் இலாகா ஆள் ஞானதாசன் அப்போதுதான் வந்து சன்னல் திறந்துகொண்டிருந்தார். அருமனைப் பக்கத்துக்காரர், முன்கோபி. நேசபாய் எதையும் மறைக்கவில்லை. பரண் என்று சொன்னதும் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"அடுப்புக்கு மேலயா? இதுக எல்லாம் உயிருள்ளதாக்கும், பயறு இல்ல. ரெண்டு வாரம் கண்ணப் பொத்தி வளத்து அனுப்பினேன். நான் ரசலையன்கிட்ட குளிர்ச்சியா இருட்டுல வைக்கப் பறஞ்சேனே."

"அவிய காய்ச்சல்ல கெடக்குதாவ. சொல்லுகதுக்கு சக்தி இல்ல. தப்பு எனக்கத் தப்பு சார். ஏசுங்க, கேட்டுக்கிடுதேன். ஏசி முடிச்சுட்டு வேற தாங்க. உச்சைக்கு மரத்த மொட்டையடிச்சிருவாவ."

ஞானதாசன் ஏசி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு உள்ளே போய் ஒரே ஒரு குழாயோடு வந்தார். அடுத்த வளர்ப்புக்கு வைத்திருந்தது, கையில் வேறு இல்லை என்றார். ஒரு மண்குடுவையில் ஈரமணல் போட்டு அதற்குள் குழாயை இறக்கி, வாயில் நனைந்த துணி கட்டினார். வெயில் தாழப் போகச் சொன்னார், அவள் முடியாது என்றாள். அப்படியானால் துணியைக் காயவிடாதே என்றவர், அதுவரை யாரும் அவளுக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"இதுல முக்காலே மூணுவீசமும் பெண்ணு. இருட்டுக்குள்ள போகும், வெளிச்சம் ஆகாது. புழுவைத் தொடாது, கூட்டைத்தான் தேடும். அதுவும் புதுக்கூடு, நெகத்தால அமுக்கினா நெகியணும். ஒரு கூட்டுக்குள்ள நூறு பிள்ளை வளரும். ஒரு குழாய் போதாதுண்ணு நெனைக்காண்டாம். கூடு கிடைச்சா போதும்."

வழி நெடுக அவளுக்கு அந்தக் குடுவைதான் கண்ணில் நின்றது. பங்குனி உச்சிவெயிலில் மணல் காலைப் பொரித்தது. குடுவையை முந்தானைக்குள், வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். எதிரே வந்த சந்தைக்காரி ஒருத்தி, கள்ளு கொண்டு போகிறாயா மக்கா என்று கேலி பேசினாள். குளம் கண்ட இடத்திலெல்லாம் இறங்கித் துணியை நனைத்தாள். இரண்டு குளம் வற்றிச் சேறாகக் கிடந்தது, சேற்றைப் பிழிந்து நனைத்தாள். ஒருதரம் பொறுக்க முடியாமல் ஒரு ஆலமூட்டில் உட்கார்ந்து துணியை விலக்கிப் பார்த்தாள். கண்ணாடியில் வெயில் படாத பக்கமாக எல்லாம் ஒதுங்கி நின்றன. ஒன்று நகர்ந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து ஓடத் தொடங்கினாள்.

ஊர் எல்லையில் ஓலை விழுகிற சத்தம் கேட்டது. சடசடவென்று ஒன்று, கொஞ்சம் விட்டு இன்னொன்று. உச்சை தாண்டித்தான் போயிருந்தது.

அவள் தோப்புக்குள் நுழைந்தபோது கடைசி மரத்திலிருந்து யோவான் இறங்கிக்கொண்டிருந்தான். நாற்பதுக்கு மேலே மரங்கள், ஒவ்வொன்றிலும் நடுக்குருத்து மட்டும் குத்திட்டு நின்றது. முதல் பாளைகள் பிளந்து மணலில் கிடந்தன. ஓலையெல்லாம் நடுவில் ஒரு குவியலாகக் குவிந்திருந்தது. ஜெபசீலன் கையில் ஓலையில் கட்டிய சூட்டுப்பந்தம் எரிந்துகொண்டிருந்தது. ரசலையன் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு மரமூட்டில் உட்கார்ந்திருந்தான்.

நடந்தது இதுதான். ஊர்க்காரர்கள் வந்து குளவி எங்கே என்று கேட்டதும், ரசலையன் பெட்டியைத் தேடிப் பரணில் கண்டான். பெட்டியைத் திறந்ததும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, விடியக்காலம் அவள் முகம் ஏன் அப்படி இருந்தது என்பதும் விளங்கிவிட்டது. வெளியே வந்து, காய்ச்சல் வெறியில் நான்தான் அடுப்புக்கு மேலே வைத்துக் கொன்றுவிட்டேன், வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டான்.

யோவான் இதைச் சொல்லக் கேட்டு நேசபாய் புருஷனைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை. சரி, அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். அவள் நேரே போய் ஓலைக்குவியலின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"எறங்கு நேசம்" என்றார் ஜெபசீலன்.

"அத்தான், அவிய பொய் சொல்லுதாவ. பரணுல வச்சது நான். கொன்னது நான். வேற வாங்கிட்டு வந்திருக்கேன், உயிரோட இருக்கு. தீ வைக்காதீங்க."

"கெட்டுகதுக்கு மரத்துல ஓலை எங்க இருக்கு? இனி அத வச்சு என்னத்தச் செய்யப் போற?"

"இதுக்கு ஓலை வேண்டாம், கூடுதான் வேணும். கூடெல்லாம் எனக்க அடியில இந்தக் குவியல்லதான் கெடக்கு."

ஜெபசீலன் மூடர் அல்ல. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கேட்டார். "ஒனக்க குளவி குத்தாத கூடும் இதுல கெடக்கும்லா? நாலு நாள் கழிச்சு அது பூச்சியாப் பறந்து எனக்க தோப்புல வந்து இருக்கும். நான் மூணாந்தடவ வெட்டணும். அதுக்கு என்ன பதில் சொல்லுத?"

அவர் கேட்டது சரிதான் என்பது நேசபாய்க்கே தெரிந்தது. சூட்டு கருகிப் பொறி உதிர்ந்துகொண்டிருந்தது. குடுவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இறங்கவும் மனம் வராமல், உட்காரவும் நியாயம் இல்லாமல் இருந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெபசீலனின் பெண்டாட்டி செல்லபாய் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அவள் பேச்சில் கெட்டிக்காரி அல்ல, புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னவளும் அல்ல. உள்ளே போனாள். திரும்பி வரும்போது கொழும்பிலிருந்து மருமகன் கொண்டுவந்த கொசுவலை கையில் இருந்தது. அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது.

"கூட்டப் பெறக்கிக் கட்டில்ல போட்டு இதால மூடுங்க" என்றாள். "பூச்சி பெருசு, வலைக்குள்ள கெடந்து சாவும். இந்தப் பொடிசு கண்ணி வழியா வெளிய வந்திரும். கொசுக்குஞ்சே உள்ள வருகே."

ஜெபசீலன் பெண்டாட்டியைப் பார்த்தார். ராத்திரி நான் எதற்குள் படுப்பேன் என்று கேட்க நினைத்திருப்பார், இத்தனை பேர் முன்னால் கேட்க முடியவில்லை. அந்திக்குள் பொறுக்கிக்கொள்ளுங்கள், இருட்டினால் மிச்சம் இருக்கிறதைக் கொளுத்துவேன் என்று மட்டும் சொல்லி, சூட்டை மணலில் குத்தி அணைத்தார்.

அதன்பிறகு ஒருவருக்கும் பேச நேரமில்லை. ஓலையைத் திருப்புவது, ஈர்க்கோடு சேர்த்து இலையை விரலால் நீவுவது, சுரங்கத்தின் முடிவில் தட்டுப்படுகிற கூட்டை இலைத்துண்டோடு கிள்ளி எடுப்பது. செத்த கூடு நகத்துக்கு மொடமொடவென்று இருக்கும், உயிருள்ளது நெகிழும். புழுவின் எச்சத்தூள் பட்டுக் கை அரித்தது, கழுத்து அரித்தது. யோவான் கூலி கேட்காமல் உட்கார்ந்தான். கயிறு திரிக்கிற பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். ரசலையன் போர்வையோடு நகர்ந்து வந்து நேசபாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஓலையை மடியில் இழுத்துப் போட்டான்.

"எதுக்கு அப்படிச் சொன்னிய?" என்று அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"குளிர்ச்சியில வைக்கச் சொல்லாதது நான்தானே" என்றான். அவள் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த ஓலையை எடுத்தாள்.

இருட்டியதும் ஜெபசீலன் சொன்னபடியே மிச்சக்குவியலுக்குத் தீ வைத்தார். அதற்குள் கட்டில் நிறையக் கூடுகள் சேர்ந்துவிட்டன. புன்னை மூட்டில் நிழலாகக் கட்டிலைப் போட்டு, எறும்பு ஏறாமல் நாலு காலுக்கும் வெள்ளம் ஊற்றிய சிரட்டை வைத்தார்கள். மேலே ஈரச்சாக்கு. நேசபாய் குடுவையைக் கூடுகளுக்கு நடுவே படுக்கவைத்துக் குழாயின் பஞ்சை உருவினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒன்று வந்தது. ஒரு கூட்டின்மேல் ஏறி, முன்னும் பின்னும் நடந்து, கொம்பால் தட்டித் தட்டிப் பார்த்து, ஒரு இடத்தில் நின்று வயிற்றை வளைத்தது. விளக்கைப் பிடித்திருந்த செல்லபாய் இன்னும் கிட்டக் குனிந்தாள். ஊசி ஏற்றுகாளே என்றாள்.

பிறகு வந்த நாட்களில் நேசபாய் இரண்டு வேலைதான் செய்தாள். சாக்கை நனைத்தாள், மொட்டை மரங்களுக்கு வெள்ளம் கோரினாள். ரசலையனுக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் காய்ச்சல், குடம் தூக்க முடியவில்லை. குருத்தோலைப் பண்டிகைக்கு ஓலை கேட்டு வந்த, மணியடிக்கிற கோவில்குட்டியாரிடம், இந்த வருஷம் பனங்குருத்தைப் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். இரண்டு மரங்களின் குருத்து வாடி மடிந்தது. மற்றவை நின்றன, ஆனால் விரியவில்லை. வலைக்குள் சாம்பல் பூச்சிகள் சில வந்து முட்டி முட்டிச் செத்தன. மிச்சக்கூடுகள் கறுத்துக் கிடந்தன. குளவி வருகிறதா, எல்லாம் அழுகுகிறதா என்று தெரியாமல் அவள் நாளுக்கு நாலுதரம் சாக்கைத் தூக்கிப் பார்த்து மூடினாள்.

பெரியவெள்ளிக்கு முந்தின நாள், வெயில் தாழ்ந்த நேரம். சாக்கை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கூடுகளில் ஊசி குத்தின மாதிரி ஒவ்வொரு துளை. வலையின் உள்பக்கம் முழுக்கப் பொடி ஊர்ந்தது. கண்ணிகள் வழியாக ஒன்று, பத்து, பிறகு கணக்கே இல்லாமல் வெளியேறின. அவள் போட்ட சத்தத்தில் ரசலையன் ஓடி வந்தான், வேலிக்கு அப்புறத்திலிருந்து ஜெபசீலனும் செல்லபாயும் வந்தார்கள்.

குளவிகள் தோப்புக்குள் நிற்கவில்லை. நிற்க அங்கே என்ன இருக்கிறது? ஓலையில்லாத மரத்தில் கூடு இல்லை, நிழல்கூட இல்லை. கடற்காற்று இறங்கிய பக்கமாக, தாழைவேலிக்கு மேலே, ஜெபசீலனின் முதிர்ந்த மரங்களின் இருட்டை நோக்கி எல்லாம் போய்க்கொண்டிருந்தன. அங்கே புழு மறுபடியும் விழுந்து, அடியோலைகளில் புதுக்கூடு கட்டியிருந்தது. வயிற்றில் சுமந்து கொண்டுவந்தது நேசபாய், பறந்து போனது அடுத்த தோப்புக்கு.

ஜெபசீலன் அண்ணாந்து பார்த்தார்.

"எல்லாம் எனக்க தோப்புக்குல்லா போவுது" என்றார். குரலில் பழைய அதிகாரம் இல்லை.

நேசபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போட்டும் அத்தான். அம்புட்டும் பொம்பளப் பிள்ளைய. ஒங்க வீட்டுலயே பெத்துப் பெருகட்டு. எனக்க மரத்துல ஓலை வந்த பொறவு நான் வந்து ஒங்ககிட்ட பெண்ணு கேக்குதேன். அப்பம் இல்லேண்ணு சொல்லப்பிடாது."

செல்லபாய் வாயைப் பொத்திச் சிரித்தாள். ஜெபசீலன் சிரிக்கவில்லை. மேல்துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். கிணற்றடியில் கவிழ்ந்திருந்த நேசபாயின் குடத்தை எடுத்து வெள்ளம் கோரி, முதல் வரிசையில் நின்ற மொட்டை மரத்தின் மூட்டில் ஊற்றிவிட்டு, அடுத்த குடத்துக்குத் திரும்பி நடந்தார்.